இரகசிய வருகையும் அண்ணியின் கைப்பேசியும்

எங்கள் காருக்கு ஆறு மாதத்துக்கு மேல் ரோட் டாக்ஸ் எடுக்க நான் விட்டதில்லை. கர்த்தரின் வருகை இவ்வளவு அருகில் இருக்கும்போது முழு வருடத்துக்கு எடுப்பது அவிசுவாசம் என்பது என் கட்சி. என் கணவர் முதலில் வாதாடிப் பார்த்தார்.

"ஆண்டவர் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாரு, சரி. ரோட் பிளாக்ல நிக்கிற போலீஸ்காரன் இங்கதானே லா இருப்பான்? அவன்கிட்ட நான் என்ன சொல்றது?"

தான் கூட வரப்போவதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் ஆறு மாதத்துக்குத்தான் எடுத்தோம்.

எங்கள் சபையில் இதை இரகசிய வருகை என்போம். இயேசு முன்னறிவிப்பில்லாமல் வருவார். ஆயத்தமாக இருப்பவர்களைக் கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் இங்கேயே கிடப்பார்கள். அந்த வருடங்களில் நடந்ததெல்லாம் அதற்குத் தோதாகவே இருந்தது. நோய் வந்து ஊரையே பூட்டிப் போட்டது. பிறகு வெள்ளம். பிறகு எங்கெங்கோ போர். ஒவ்வொரு செய்தியையும் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அடியில் "ஆயத்தமா?" என்று ஒரு கேள்வியும் போடுவேன். யாரும் என்னை இந்தப் பொறுப்பில் நியமிக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சிங்க்கில் ஒரு டம்ளர்கூடக் கிடக்கக் கூடாது. நான் போன பிறகு யாராவது உள்ளே வந்து பார்த்து, இவளா பரலோகம் போனாள் என்று கேட்டுவிடக் கூடாதல்லவா?

இவ்வளவு ஆயத்தத்திலும் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அது என் அண்ணி.

சுபாங் ஜெயாவில் அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, மதியச் சாப்பாட்டுக்கு ஜெபிக்கும்படி என்னைக் கேட்டார்கள். எங்கள் குடும்பங்களில் அது சாதாரண மரியாதை இல்லை. நானும் குறை வைக்காமல் ஜெபித்தேன். வீட்டுக்காக, அதைக் கட்டிய கைகளுக்காக, வர முடியாத உறவினர்களுக்காக, நாட்டுக்காக ஜெபித்து, அமைச்சரவைக்குள் நுழையும் நேரம், அண்ணி சத்தமாக "ஆமென்!" என்றார். பசியோடு நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். உடனே கரண்டிச் சத்தம். நான் கண்ணைத் திறந்தபோது என் கணவர் தட்டில் கோழிக்கால் இருந்தது.

மூன்று வருடம் அண்ணியோடு பேசவில்லை. பாஸ்டர் மன்னிக்கச் சொன்னார். "மன்னிச்சிட்டேன் பாஸ்டர், பேசத்தான் மாட்டேன்" என்றேன். கிள்ளானில் இருக்கும் சபைக்கு ரயிலில் போகும்போது சுபாங் ஜெயா நிலையம் வந்தால் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பேன். ஆனால் மனதுக்குள் ஒரு நிச்சயம் இருந்தது. எக்காளம் ஊதும்போது நான் மேலே போவேன். ஜெபத்தைப் பாதியில் வெட்டியவர் கரண்டியோடு கீழே நிற்பார். அதை நினைத்து அவருக்காகப் பரிதாபப்பட்டும் இருக்கிறேன்.

அது ஒரு புதன்கிழமை, உபவாச ஜெபம். விடிந்ததிலிருந்து மழை. தண்டவாளத்தில் தண்ணீர் என்று ரயில் வழியில் நின்று நின்று போனது. ஊருக்கெல்லாம் ஆயத்தம் சொல்லும் நான் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிள்ளானில் இறங்கினேன்.

எங்கள் சபை ஒரு கடை வரிசையின் மாடியில் இருக்கிறது. குடையை மடக்கிக்கொண்டு படியேறினேன். வாசலில் வழக்கம்போல எல்லாருடைய சிலிப்பர்களும் கிடந்தன. உள்ளே விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, மைக் லேசாக இரைந்துகொண்டிருந்தது. ஆள் ஒருவரும் இல்லை.

"சிஸ்டர்!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. திரைக்குப் பின்னால் பார்த்தேன். சமையலறையில் கெட்டில் இன்னும் சூடாக இருந்தது. திரும்பி வந்தபோதுதான் நாற்காலிகளைக் கவனித்தேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஹேண்ட்பேக். கிள்ளானில் எந்தப் பெண்ணும் ஹேண்ட்பேக்கைக் கைவிட மாட்டாள். கழிவறைக்குப் போனாலும் தோளில்தான் தொங்கும். அதையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போயிருக்க முடியும்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது பயம் இல்லை, ரோஷம். பிரசங்கம் தொடங்கியதுமே குறட்டை விடும் கடைசி வரிசை சிஸ்டர் போய்விட்டார், நான் நிற்கிறேனா? பிறகுதான் பயம் வந்தது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். எதிர்க் காப்பிக்கடையில் ஆட்கள் நிம்மதியாக மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. இனி அவர்களும் நானும் ஒரே கூட்டம்.

யாரையாவது கூப்பிட்டு நிச்சயப்படுத்த வேண்டும். கணவரைக் கூப்பிடுவதில் பயனில்லை. அவர் எப்படியும் எடுப்பார்; அதிலிருந்து எதுவும் தெரியாது. அப்போதுதான் அண்ணியின் நினைவு வந்தது. அவர் எடுத்தால், ஒன்று வருகை நடக்கவில்லை, அல்லது எனக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது. எப்படியானாலும் நல்லது.

அடித்தேன். எடுக்கவில்லை.

மறுபடியும் அடித்தேன். மணி முழுவதும் ஒலித்து அடங்கியது.

அண்ணி போய்விட்டார். ஆமென் சொல்லி என்னை நிறுத்தியவர் மேலே. மூன்று வருடம் முகம் கொடுக்காத நான் கீழே. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயமும் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. ஹேண்ட்பேக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். அழுதுகொண்டே மூன்றாவது தடவை அடித்தேன்.

"ஹலோ?" அண்ணியின் குரல்.

"அண்ணி! நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன். என்னா, யாருக்கு என்னா ஆச்சு?"

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணி. மூணு வருஷமா மனசுல வச்சிருந்தேன். அன்னிக்கு நான்தான் ஜெபத்த இழுத்துட்டேன். எல்லாருக்கும் பசி. நீங்க ஆமென் சொன்னது சரிதான்…"

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கழிவறையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கையைத் துடைத்தபடி பாஸ்டர் வெளியே வந்தார்.

"ஐயோ! பாஸ்டரையும் விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்று கத்திவிட்டேன். ரொம்ப ஆச்சரியப்பட்டேன் என்று சொல்ல முடியாது.

பாஸ்டர் திகைத்துப் போய்ப் பார்த்தார். "என்ன சிஸ்டர், ஏன் அழறீங்க? பின்பக்க சந்துல தண்ணி ஏறிடுச்சி. எல்லாம் கார மேட்டுப் பக்கம் ஏத்தி நிறுத்தப் போயிட்டாங்க. சாவிய மட்டும் எடுத்துக்கிட்டு வெறுங்கால்ல பின்படியில எறங்கி ஓட்டம். கார் இல்லாதவங்க தள்ளி விடப் போயிட்டாங்க. நான் பேக்குக்குக் காவல்."

பின்ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். முழங்கால் அளவு தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எடுத்துக்கொள்ளப்பட்ட பரிசுத்தவாட்டிகள் ஒரு பழைய காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குறட்டை சிஸ்டர்தான் முன்னால் நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

கைப்பேசி இன்னும் என் காதில்தான் இருந்தது. அண்ணியும் எங்களைப் போன்ற சபையில் வளர்ந்தவர். விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப, நான் போயிருக்க மாட்டேன்னு நெனச்சுதான் எனக்கு அடிச்சியா?"

சமாளித்திருக்கலாம். "ஆமா அண்ணி."

"சரி. இன்னிக்கு வருகை இல்லன்னு தெரிஞ்சிருந்தா, இந்த மன்னிப்பக் கேட்டிருப்பியா?"

பாஸ்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நாள் தவறாமல் ஊரைப் பார்த்து ஆயத்தமா என்று கேட்டவள் நான். என்னை யாரும் இதுவரை திருப்பிக் கேட்டதில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"இல்ல அண்ணி. கேட்டிருக்க மாட்டேன்."

வைத்துவிட்டார் என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"நானும் மொத ரெண்டு தடவ ஒன் பேரப் பார்த்துட்டுத்தான் எடுக்கல" என்றார் அண்ணி. "மூணாவது தடவையும் அடிக்கவும், யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சு எடுத்தேன்."

"யாரும் சாகல அண்ணி."

"அப்ப சரி. பேசு."

மூன்று வருடத்துப் பேச்சு பாக்கி இருந்தது. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

"சாப்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.