ஹோம்புஷ் ஹால்ல ஒரு மாவுக்கட்டு

ஃபைபர்கிளாஸ் மாவுக்கட்டு இறுகும்போது கை லேசா சூடாகும். வெயில்ல காஞ்ச துணியை எடுத்து மடியில வெச்ச மாதிரி ஒரு சூடு... கூடவே மூக்குல ஏறுற பிசின் வாசம்.

இன்னைக்குக் கிளினிக்ல அந்த வாசம் வந்ததும் சிவநேசன் அண்ணா ஞாபகம் வந்துடுச்சு. சொல்லியே ஆகணும்.

அப்போ நான் சிட்னி வந்து கொஞ்ச வருஷம்தான். பரமட்டா பக்கத்துல ஒரு ஹாஸ்பிட்டல்ல, எலும்பு முறிவு கிளினிக்ல நர்ஸ். கூட வேலை பார்த்த சில பேரும் நானும் சேர்ந்து ஹோம்புஷ்ல ஒரு ஹால் வாடகைக்கு எடுத்து, நம்ம ஹைஸ்கூல் பசங்களுக்கு சனிக்கிழமைகள்ல ஹெல்த் கரியர்ஸ் செஷன் நடத்துவோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டேபிள். நர்ஸிங், ஃபிசியோ, பார்மசி, எக்ஸ்ரே...

கூட்டம் மொத்தமும் மெடிசின் டேபிள்லதான் நிக்கும். பசங்க வாயே திறக்க மாட்டாங்க. அப்பா அம்மாதான் பேசுவாங்க.

ஒரு சனிக்கிழமை சிவநேசன் அண்ணா வந்தாரு. யாழ்ப்பாணத்துக்காரர், ட்ரெயின் மெயின்டனன்ஸ்ல வேலை. கூடவே பொண்ணு தர்ஷினி, பதினொண்ணாம் கிளாஸ்.

"இவள் டொக்டருக்குத்தான் படிக்கப் போறாள், தங்கச்சி. மற்றதுகள் பாக்கத் தேவையில்லை."

மெடிசின் டேபிள்ல கியூ நீளமா இருந்ததால என் டேபிளுக்கு வந்தாங்க. நான் பசங்களுக்கு, கையோட ஒரு பக்கம் மட்டும் வர்ற அரைக்கட்டுதான் போடச் சொல்லித் தருவேன். சுலபமா கழட்டிடலாம். அண்ணா தன் வலது கையை நீட்டினாரு.

"அரைவாசியா ஏன்? முழுசாப் போடட்டும். டொக்டராகிறவள் பழகத்தானே வேணும்."

தர்ஷினி நிதானமா, நான் சொல்லச் சொல்லப் போட்டா. கட்டைவிரலையும் சேர்த்து, முழங்கை வரைக்கும். முடிச்சதும் "விரலை ஆட்டுங்கோ அப்பா... மரத்துப் போகுதா?"ன்னு அவளே கேட்டா. நல்ல கை.

அப்புறம்தான் வேடிக்கை. கட்டு வெட்டுற மெஷினை ஆன் பண்ணேன். ஒரு உறுமல்... அவ்வளவுதான், நின்னுடுச்சு. பிளக் மாத்திப் பார்த்தோம், அசையல. அந்தக் கட்டைக் கத்தரியால வெட்ட முடியாது. பிளாக்டவுன்ல இருந்த ஃப்ரெண்ட் ஒருத்தி வேற மெஷின் கொண்டு வர்றேன்னா. ஆனா எம்-ஃபோர் ஹைவேல டிராஃபிக்.

அதுக்குள்ள சாப்பாடு வந்துடுச்சு. பரோட்டா, குருமா.

தர்ஷினி ஊட்டப் போனா. ஹால் முழுக்க ஆளுங்க... "ஊட்ட வேண்டாம்"னு தட்டை நகர்த்திட்டாரு.

"இடது கையால சாப்பிடுங்கண்ணா, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க"ன்னேன்.

"இடக்கையால நான் சாப்பிட மாட்டன்."

அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்துட்டு நின்னா. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் ஃபோர்க்கோட பிடியைச் சுத்தி டிஷ்யூவைச் சுருட்டிச் சுருட்டித் தடிமனாக்கினா. தன் தலைமுடி ரப்பர்பேண்டைக் கழட்டி அது மேல போட்டு இறுக்கினா. தட்டு வழுக்காம இருக்க அடியில ஈர டிஷ்யூ. பரோட்டாவைச் சின்னதா பிய்ச்சுப் போட்டு, கட்டுக்கு வெளிய நீட்டிட்டிருந்த விரல்களுக்குள்ள ஃபோர்க்கைச் செருகினா.

முதல் துண்டு கீழ விழுந்துச்சு. "கையைத் திருப்பாதீங்கோ அப்பா, தோளைத் தூக்குங்கோ"ன்னா.

ரெண்டாவது துண்டு வாய்க்குப் போச்சு. தன் வலது கையாலேயே முழுத் தட்டையும் சாப்பிட்டு முடிச்சாரு.

நான் சொன்னேன், "தர்ஷினி, நீ இப்போ பண்ணதே ஒரு வேலை தெரியுமா? ஆக்குபேஷனல் தெரபி. யூனிவர்சிட்டில அதுக்குத் தனிப் படிப்பு இருக்கு."

"தட்ஸ் எ ஜாப்?"

அவ முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அண்ணாவும் பார்த்தாரு.

"அது டொக்டர் இல்லைத்தானே?"

"இல்லண்ணா. டாக்டர் எலும்பைச் சேர்த்து வெப்பாரு. அதுக்கப்புறம் அந்த மனுஷன் பட்டன் போடணும், சாப்பிடணும், வேலைக்குத் திரும்பணும்... அதுக்கு வழி பண்றவங்க இவங்க."

அவர் விரல்ல இருந்த ஃபோர்க்கை உருவித் தட்டுல வெச்சாரு. அப்புறம் மெதுவா, "மார்க் காணாதெண்டு இதுக்கு விட்டதாச் சனம் கதைக்கும்"னாரு. மார்க் பத்தலைன்னு ஊர் பேசுமேங்கிற கவலை.

"சனத்துக்கு நான் சொல்லுறன் அப்பா. முதல் என்னை இதைப் பாக்க விடுங்கோ."

அவ்வளவு நேரத்துல அவ அவர்கிட்ட தனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதான்.

ஃப்ரெண்ட் மெஷினோட வந்தா, கட்டை வெட்டினோம், கையைத் தேய்ச்சுக்கிட்டே கிளம்பிட்டாரு. இனி வர மாட்டாருன்னுதான் நினைச்சேன்.

அடுத்த சனிக்கிழமை முதல் ஆளா வந்து நின்னாரு. "அந்த வேலை செய்யிற ஆரையாவது பிள்ளை சந்திக்கலாமோ?"

எங்க ஹாஸ்பிட்டல்லயே ஒருத்தரை அறிமுகப்படுத்தினேன். அப்புறம் ரெண்டு வருஷம் அவ வராத செஷனே கிடையாது. கடைசியில மார்க்கும் நல்லாவே வந்துச்சு. யூனிவர்சிட்டி ஃபார்ம்ல முதல் சாய்ஸா அதைத்தான் போட்டா.

கோவில்ல யாரோ ஒருத்தர் அண்ணாகிட்ட, "ஏன், மார்க் காணாதோ?"ன்னு கேட்டப்போ நான் பக்கத்துலதான் நின்னேன்.

"மார்க் காணும். பிள்ளைக்கு இது விருப்பம்."

அதோட நிறுத்திட்டு பிரசாதம் வாங்கப் போயிட்டாரு.

இப்போ எங்க கிளினிக்ல கட்டுப் பிரிச்சதும், விரல் மடங்காதவங்களை தர்ஷினிகிட்டதான் அனுப்புறோம். அவ கைராசியைப் பத்தி பேஷன்ட்ஸ் என்கிட்டயே சொல்றாங்க, எனக்கு அவளைத் தெரியாதுங்கிற மாதிரி...

செஷன் இப்பவும் நடக்குது, பரமட்டால பெரிய ரூம்ல. இப்போ வர்ற பசங்க எல்லா வீடியோவும் பார்த்துட்டு வர்றாங்க. சம்பளம், ஷிஃப்ட் எல்லாம் விரல் நுனியில. ஆனா இன்னொருத்தர் கையைத் தொட்டுப் பிடிக்கச் சொன்னா கூச்சப்படுறாங்க. அந்தக் கூச்சம் போற வரைக்கும் நாங்க விடுறதில்ல. அந்தப் பழைய ஹாலோட சத்தம்தான் இப்போ இல்ல... அது மட்டும் கொஞ்சம் ஏக்கமா இருக்கும்.

போன மாசம் ஒரு அம்மா மகளோட வாசல்ல நின்னு, "சிஸ்டர், எங்க இருந்து ஆரம்பிக்கணும்?"னு கேட்டாங்க.

நான் பதில் சொல்றதுக்குள்ள, அம்மாவுக்குக் காத்திருக்காம மகள் தானாவே உள்ள போயிட்டா.