மைக் அக்காவின் மூச்சு

"பதினோரு மாத்திரை! பெருசு நாலு, சிறுசு ஏழு. நல்லாப் பாத்துக்கோங்க, அப்புறம் பாக்கலன்னு சொல்லக் கூடாது! எத்தனை மடக்குல முழுங்குவீங்க? டீச்சர் ஆறு மடக்குன்றாங்க. ஜன்னல் கட்டில்காரங்க அஞ்சுன்றாங்க. அஞ்சு ஒரு தரம்! என்ன டீச்சர், எத்தனை பிள்ளைங்களைப் பெஞ்சு மேல ஏத்தின ஆளு நீங்க, அஞ்சுக்குக் கீழ இறங்க மாட்டீங்களா?"

காலை எட்டு மணி. பெண்கள் தொற்றுநோய் வார்டின் நட்டநடுவில், மாத்திரைக் கிண்ணத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையை இடுப்பில் ஊன்றி நிற்கிறார் மைக் அக்கா. ஒவ்வொரு கூவலுக்கும் முகக்கவசம் உப்பி அடங்குகிறது. டீச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. கிண்ணத்தை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, நான்கே மடக்குத் தண்ணீரில் பதினொன்றையும் உள்ளே தள்ளிவிட்டு, வாயை ஆவென்று திறந்து காட்டுகிறார். "நாலு ஒரு தரம், நாலு ரெண்டு தரம், நாலு மூணு தரம்! டீச்சருக்கே!" ஆறு கட்டில்களிலும் கைதட்டல். வாசலில் காத்திருக்கும் நர்ஸ், பெயருக்கு நேரே டிக் அடித்துக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போகிறார். அங்கே ஏலம் போட ஆள் இல்லை, கெஞ்சித்தான் ஆகவேண்டும்.

வெளியே அக்காவுக்கு வேலையே இதுதான். காய்கறி மொத்த மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மூட்டை மேல் ஏறி நின்று ஏலம் விடுவார். கீழே நூறு தலைகள், நூறு வாய்கள். அத்தனைக்கும் மேலே அவர் குரல் ஒன்றுதான் கேட்கும். மார்க்கெட் சங்கத்தார் ஒருமுறை ஆசையாக மைக் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில், பாடம் நடத்த முடியவில்லை என்று பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது. கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். கண்ணில் லென்ஸைச் செருகினால் பேச மாட்டார். கழற்றினாலும் பேச மாட்டார். "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் பேசறேன்" என்பார் அக்கா.

இருமல் வந்தபோது மிளகாய் மூட்டை மேல் பழியைப் போட்டார். மிளகாய்ப் பருவம் முடிந்தும் இருமல் போகவில்லை. கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ பட்ட அன்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மருந்துக்கு லேசில் மசியாத காசநோய், வீட்டுக்குப் போக மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது எப்படிப் பரவும்?"

"காத்துல பரவும்மா. இருமும்போது, தும்மும்போது, சத்தமாப் பேசும்போது."

"என் பொழைப்பே காத்துல கத்துறதுதானே, டாக்டர்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் அவர் வாய் திறக்கவில்லை. தனி அறை. சாப்பாட்டுத் தட்டு ஒரு ஸ்டூலில் வரும், ஸ்டூலிலேயே போகும். வருகிறவர்களுக்குக் கண் மட்டும்தான் உண்டு. மூக்கும் வாயும் யாருக்கும் இல்லை. நாடி பிடிக்கும் விரலும் ரப்பர். நூறு பேர் வேர்வையில் நின்று பழகிய மனுஷிக்கு, மேலே பட ஒரு தோல் இல்லாமல் போனது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, நாலரை வயது மகளைக் கட்டிப்பிடித்துத் தூங்கிய ராத்திரிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எந்த ராத்திரியில் கொடுத்தேனோ, எந்த முத்தத்தில் கொடுத்தேனோ என்று குமைந்தார். அந்த நாட்களில் அவர் அழுததெல்லாம் தன் மூச்சை நினைத்துத்தான்.

பதின்மூன்றாம் நாள் கணவர் ஜன்னலுக்கு வெளியே, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "ரெண்டு பேருக்கும் இல்ல" என்றார். தானும் மகளும் பரிசோதனை செய்துகொண்ட முழு வரலாறும் அந்த மூன்று வார்த்தையில் முடிந்துவிட்டது. அக்காவுக்குக் குரல் திரும்பியது.

"அவளை இங்க கூட்டிட்டு வராதீங்க. என் மூச்சு சுத்தமாயிடுச்சுன்னு காகிதம் வர்ற வரைக்கும் நான் அவ பக்கத்துல போக மாட்டேன். அழுதாலும் சரி, அடம் பிடிச்சாலும் சரி." கணவர் தலையை ஆட்டினார். கோட்டைத் தாண்டாமல் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

பிறகு ஆறு கட்டில் வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் டீச்சர். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து, நர்ஸ் நகர்ந்ததும் கழுவுதொட்டியில் துப்புகிற டீச்சர்! ஏன் என்று கேட்டதற்கு, "ஸ்கூல்ல என் நாற்காலியைத் தூக்கி வெளிய போட்டுட்டாங்களாம். குணமாகி எங்க போய் உக்காரச் சொல்றீங்க?" என்றார். அக்காவுக்கு வந்ததே கோபம். "நாற்காலி போனா நின்னுக்கிட்டே நடத்துங்க! நான் மூட்டை மேல நின்னுக்கிட்டுத்தான் பதினாறு வருஷமாப் பொழைக்கிறேன். அவங்க தூக்கிப் போட்டது ஒரு மரச்சாமான். நீங்க துப்புறது உங்க உசுரு" என்று கத்தினார். சண்டை என்று நினைத்து நர்ஸ் ஓடிவந்தார். வந்து பார்த்தால், அக்கா மாத்திரைக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து முதல் ஏலத்தைத் தொடங்கியிருந்தார்.

மருந்து லேசுப்பட்டதல்ல. வாந்தி, தலைசுற்றல், வாயெல்லாம் இரும்புக் கசப்பு. போதாக்குறைக்குத் தோல் நிறமும் மாறியது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "நாங்க சொத்தைன்னு ஒதுக்கிப் போடுற கத்தரிக்காய்கூட என்னைவிட அம்சமா இருக்கும்" என்று சிரித்தார். மாதம் ஒருமுறை சளிப் பரிசோதனை. தொடர்ந்து மூன்று முறை கிருமி இல்லை என்று வந்தால் வீடு. முதல் இரண்டும் நல்லபடியாக வந்தன. மூன்றாவதில் வந்தது வம்பு.

"என்னம்மா இது? வெறும் எச்சியைத் துப்பிக் கொடுத்திருக்கீங்க. நெஞ்சுலேர்ந்து சளி வரணும்" என்று டப்பாவைத் திருப்பி நீட்டினார் லேப்காரர்.

"சரக்கு தீந்துபோச்சுங்க! வெச்சுக்கிட்டா வஞ்சகம் பண்றேன்?"

இதைவிட நல்ல சேதி எது? ஆனால் சட்டம் சட்டம்தான். நோய் போய்விட்டது என்று காட்ட ஒரு துளியாவது சளி வேண்டும். ஆவி பிடித்தார். மாடிப்படியில் ஏறி இறங்கினார். முற்றத்தில் நின்று குனிந்து நிமிர்ந்து இருமினார். வார்டே ஜன்னலில் வந்து நின்று, "இன்னும் கொஞ்சம், அக்கா! விடாதீங்க!" என்று உற்சாகம் கொடுத்தது. மாதக்கணக்கில் இருமலை அடக்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், இப்போது ஓர் இருமலுக்காகத் தவம் கிடந்தார்கள். அரைமணி நேரம் கழித்து, டப்பாவின் அடியில் கடுகளவு எதையோ சேர்த்துக் கொடுத்தார் அக்கா. அது தேறுமா என்று தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

டீச்சர் நாலு மடக்கில் ஜெயித்த மறுநாள் டாக்டர் காகிதத்தோடு வந்தார். அவருக்கு மெல்லிய குரல். ஏதோ சொன்னார், முகம் மலர்ந்திருந்தது.

"டாக்டர், கடைசிக் கட்டிலுக்குக் கேக்கல!" என்றார் அக்கா.

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, படித்த படிப்பையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, "மூணாவது தரமும் கிருமி இல்ல!" என்று கூவியே விட்டார். டீச்சர் தட்டைக் கரண்டியால் அடித்துத் தூள் கிளப்பினார். ஜன்னல் கட்டில்காரி விசிலடித்தாள். அவளுக்கு அது தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. நர்ஸ் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து அக்காவின் கையைப் பிடித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு வெறுங்கை! அக்கா அதை விடவே இல்லை.

வீட்டுக்குப் போனார். மாத்திரை இன்னும் சில மாதம் தொடரும். பயம் மட்டும் வேண்டாம், பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டர் நான்கு முறை சொல்லியிருந்தார். ஆனாலும் அக்கா முகக்கவசத்தோடு சமையலறை வாசலிலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மகள் எதிர்ச் சுவர் ஓரமாக நின்று, கறுத்துப்போன அம்மாவை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கணவர் காய்கறி சூப் வைத்து, கிண்ணத்தில் ஊற்றி, மகள் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தார்.

ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். "சுடுது" என்றாள். அப்பாவைப் பார்த்தாள், அவர் கையில் கொதிக்கும் பாத்திரம். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தளும்பத் தளும்ப நேரே முக்காலிக்கு வந்து நின்றாள்.

"ஊதிக் குடும்மா."

கணவர் பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அக்கா அவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, ஒரு கரண்டி சூப்பை அள்ளி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, நிதானமாக, நீளமாக ஊதினார். ஊதிய சூப்பை மகளின் வாயில் ஊட்டினார்.