சாவிக்கொத்து

பட்டறையில் தம்பி பியூஸைத் தட்டிப் பார்த்தான், பேட்டரி ஒயரை ஆட்டிப் பார்த்தான். அக்காவின் பழைய கார் எஞ்சின் அணையாமல் ஓடியது.

“எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா.”

“போன தடவையும் இதத்தான் சொன்ன. நேத்து பாலத்து நடுவுல கரன்ட் மொத்தமும் போச்சு. பின்னால வந்த லாரிக்காரன் ஒடிச்சுத் திருப்பலேன்னா நான் இல்ல. உன்கிட்ட மட்டும் பசு மாதிரி நிக்குது, பெரிய எலக்ட்ரீஷியன்!”

பட்டறையில் விடும்போதெல்லாம் கார் சாவியை மட்டும் கழற்றித் தருவாள். இப்போது எஞ்சினை நிறுத்தி அதை உருவி, வீட்டுச் சாவி, கடைச் சாவியெல்லாம் தொங்கும் கொத்தில் கோத்துச் செருகி, மறுபடி கிளப்பினாள். கொத்தை அவன் லேசாக ஆட்டினான். விளக்குகள் அணைந்து எஞ்சின் நின்றது. சாவி போடும் தேய்ந்த சுவிட்சைக் கொத்தின் கனம் இழுத்திருக்கிறது. சரியாகிவிட்டது என்று அவளைப் பாலத்துக்கு அனுப்பியவன் அவன்தான்.

மறுநாள் சுவிட்சை மாற்றி, காரை அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைத் தனியாகக் கொடுத்தான். அக்கா அதை ஆணியில் மாட்டிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.