அழித்த வரி

இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்குகிறவர்கள் இப்போதே ஒதுக்கிவிடலாம். போன டிசம்பரில், புனேயில், பட்டப்பகலில் நடந்தது. அலுவலகத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள், அவர்கள் நிம்மதியைக் கெடுப்பானேன். மற்றபடி கிழமை, நேரம் எல்லாம் சரியானவை. தருணிடமும் அமலாவிடமும் தனித்தனியாகத் துருவித் துருவிக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போனது.

தருண் கோயம்புத்தூர்ப் பையன், வயது இருபத்தேழு. புனேயின் விஷ்ராந்த்வாடியில் மூன்றாவது மாடியில் தனியாக ஒரு ஃப்ளாட். அவனோடு வேலை பார்த்தவள் கிரிஜா. பகலெல்லாம் அலுவலக வேலை, மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டரைப் படம் வரைய வைப்பது அவளுடைய பைத்தியம். பைத்தான் மொழியில் ஐம்பது அறுபது வரி நிரல் எழுதுவாள். திரையில் புள்ளிகள் குருவிக் கூட்டம் போலச் சேர்ந்து திரும்பும், கலையும், மறுபடி சேரும். தருணுக்கும் அதே பைத்தியம்தான். ஆனால் அவன் எழுதினால் புள்ளிகள் சும்மா ஓடும், அவள் எழுதினால் உயிரோடு ஓடும். அது அவனுக்கே தெரியும். அதனால்தான் வயிற்றெரிச்சல்.

அவள் எழுதியவற்றில் ஒன்று கேமராவைப் பார்த்து வரைவது. அதன் நகல் தருணிடமும் இருந்தது. முன்னால் யார் வந்து நின்றாலும் இரண்டாயிரம் வெள்ளைப் புள்ளிகள் ஓடிவந்து அந்த ஆளின் உருவமாகக் கூடும். நீங்கள் கையைத் தூக்கினால் புள்ளிகளும் கையைத் தூக்கும். மூலையில் 'ஆள்: 1' என்று எண்ணிக் காட்டும். இரண்டு பேர் நின்றால் 2.

அக்டோபரில் கிரிஜாவுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து தருணுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். "நம்ம ஆபீஸ் லாபியில பெரிய ஸ்க்ரீன் வைக்கப் போறாங்கல்ல, அதுக்கு என்னோட கேமரா ஸ்கெட்ச அனுப்பிடு தருண். கையில ட்ரிப்ஸ் ஏறுது, டைப் பண்ண முடியல. அம்மா வந்து பாக்கணும்னு ஆசையா இருக்காங்க." இவன் 'கண்டிப்பா' என்று பதில் போட்டான். நாலாவது நாள் அவள் போய்விட்டாள்.

அனுப்பினான். தன் பெயரில் அனுப்பினான்.

வெறும் வீடியோவைப் பார்த்தே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திறப்பு. அதற்கு முன் நிரலைக் கொடுக்க வேண்டும். நிரலின் முதல் வரியில் '# எழுதியது: கிரிஜா கந்தசாமி' என்று இருந்தது. இந்த '#' போட்ட வரியைக் கம்ப்யூட்டர் படிக்கவே படிக்காது. மனிதர்கள் பார்ப்பதற்காக எழுதி வைப்பது அது. இருந்தாலும் ஒன்றுதான், அழித்தாலும் ஒன்றுதான், படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. நிரல் எழுதுகிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

செத்தவளுக்குப் பெயர் எதற்கு என்று நினைத்தானாம். என்னிடம் இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான். குனியட்டும்.

அன்று வியாழக்கிழமை. வீட்டிலிருந்தே வேலை. பழுதுபார்ப்பு என்று மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள், தண்ணீரும் கிடையாது. ஃபேன் ஓடவில்லை. மடிக்கணினி பேட்டரியில் ஓடியது. ஜன்னல் வழியாக நல்ல வெயில். எதிர் ஃப்ளாட்டில் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது.

மதியம் 2.47. அவள் பெயர் இருந்த வரியை அழித்தான். '# எழுதியது: தருண்' என்று அடித்தான். ஓட்டிப் பார்த்தான்.

புள்ளிகள் ஓடி வந்தன. அவன் உருவம் கூடியது. மூலையில்...

ஆள்: 2.

திரும்பிப் பார்த்தான். சாத்திய கதவு, அதில் மாட்டிய சட்டை. சட்டையை ஆள் என்று எண்ணுகிறது போல. எழுந்து போய் அதைக் கழற்றி அலமாரிக்குள் போட்டான்.

2.51. மறுபடி ஓட்டினான். ஆள்: 2. கதவருகே புள்ளிகள் நெருக்கமாகக் கூடியிருந்தன. உயரமாக. ஒரு பக்கமாகச் சாய்ந்து.

வெளிச்சக் கோளாறு என்று சொல்லிக்கொண்டு, ஒரு சந்தேகத்துக்கு அவள் பெயர் வரியைத் திரும்ப வைத்தான். ஓட்டினான்.

ஆள்: 1.

அழித்தான். ஆள்: 2.

வைத்தான். 1. அழித்தான். 2.

கம்ப்யூட்டர் படிக்காத வரி அது. எப்படி மாறும்? அதைவிட மோசமான ஒன்றை அப்போதுதான் கவனித்தான். ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் அந்த உருவம் நின்ற இடம் மாறியிருந்தது. முதலில் கதவு. பிறகு ஃப்ரிட்ஜ். இப்போது சாப்பாட்டு மேஜை.

3.04. டொப்... டொப்...

சொட்டுகிற சத்தம். சமையலறைக்கு ஓடினான். குழாய் காய்ந்து கிடந்தது. குளியலறையிலும் அப்படியே. சத்தம் நிற்கவில்லை. அது அவன் நாற்காலிப் பக்கமிருந்து வந்தது.

3.11. திரையைப் பார்த்தான். உருவம் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. அதன் இடது கையிலிருந்து மெல்லிய கோடு ஒன்று மேலே போனது. எதிலும் முடியாமல், திரைக்கு வெளியே.

ட்ரிப்ஸ் குழாய்.

உட்கார்ந்தான். பின்னால் திரும்பாமல் திரையையே பார்த்தான்.

திரையில் அந்தக் கை இறங்கியது. அவன் தோளில் பட்டது.

அவன் தோளில் எதுவும் படவில்லை. ஆனால் திரையில்... அவன் தோள் கரைந்தது. அவனுடைய புள்ளிகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் போயின.

டொப்...

டொப்...

மூடியைப் படாரென்று சாத்தினான்.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. அவள் பெயரைத் திரும்ப வைத்திருந்தால் அதோடு போயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். 3.40க்கு மின்சாரம் வந்தது, ஃபேன் சுற்றியது, பயமும் கொஞ்சம் தெளிந்தது. 3.52க்கு நிரலை அனுப்பினான். முதல் வரியில் தருண் என்றே இருந்தது. மனுஷன்தானே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

சனிக்கிழமை. லாபியில் நாற்பது ஐம்பது பேர். மேலாளர் பக்தவத்சலம் கைதட்டிக் கூப்பிட்டார். "வாப்பா தருண், நீ பண்ணது, நீயே முதல்ல நில்லு."

11.06. நின்றான். புள்ளிகள் ஓடி வந்தன. கூடின.

ஆள்: 1.

அவன் இல்லை. ஒரு பெண். ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது கையிலிருந்து மேலே போகிற கோட்டோடு. அவன் கையைத் தூக்கினான். அவள் தூக்கவில்லை.

ஏதோ புது வித்தை என்று எல்லாரும் கைதட்டினார்கள். அமலா தட்டவில்லை. அவளும் அதே அலுவலகம்தான். புனேயிலேயே, கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள், கிரிஜாவுக்கு உயிர்த்தோழி. நேரே அவன் பக்கத்தில் வந்தாள்.

"தருண், கிரிஜா இப்படித்தான நிப்பா? சச் போல், உண்மையச் சொல்லு. இத யாரு எழுதுனது?"

"நான்தான்."

"மறுபடி சொல்லு."

"நான்தானுங்க்கா எழுதுனேன்!"

கத்திவிட்டான். கைதட்டல் நின்றது.

திரையில் இருந்த தலை மெதுவாகத் திரும்பியது. அவனைப் பார்த்து.

திரை இருண்டது.

அன்று மாலையே அமலா கிரிஜாவின் வீட்டுக்குப் போனாள். மகளின் போனை அம்மா இன்னும் அணைக்காமல் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன செய்தியும் அதற்கு இவன் போட்ட பதிலும் அதில் இருந்தன. திங்கட்கிழமை பக்தவத்சலம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம். தருண் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். அமலா தன் கையால் முதல் வரியில் பழைய பெயரை வைத்தாள். கிரிஜாவின் அம்மா வந்து நின்றார். புள்ளிகள் அவரை அப்படியே வரைந்தன. ஆள்: 1. இன்றுவரை ஒரு கோளாறும் இல்லை.

பிப்ரவரியில் தருணுக்குக் கோயம்புத்தூரில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. புனேயில் நடந்தது அங்கே ஒருவருக்கும் தெரியாது. முதல் நாள், வருகைப் பதிவு இயந்திரத்துக்காக அவன் முகத்தைக் கேமராவில் பதிவு செய்தார்கள். மறுநாள் காலை 9.02க்கு அதன் முன் நின்றான். பச்சை விளக்கு எரிந்தது. இயந்திரம் பேசியது.

"தேங்க்யூ, கிரிஜா."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தான். தன் முகத்தைப் பதிவு செய்த பெண்ணைத் தேடிப் போனான். அகல்யா என்று பெயர், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள்.

"என்ற பேரு தப்பா ஏறியிருக்குதுங்க. மாத்திக் குடுங்க."

அவள் குழப்பத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்புங்களா? நேத்து நீங்க கேமராவப் பாத்து நின்னுட்டு இருந்தப்ப உங்க பொறகாலயே ஒரு அக்கா நின்னாங்களே... அவுங்கதானுங்க இந்தப் பேரு போடச் சொன்னாங்க."