அம்மை இல்லாத வீட்டில் வேப்பிலை

அம்மை குத்த வருகிறவளை 'வாங்க' என்று யாரும் வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. இதைப் படிக்கும் விற்பனைக்காரர்களே, என்னைப்போல வீடு வீடாகக் கதவு தட்டிப் பிழைக்கும் உங்களுக்கு அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எந்தக் கை

எழுபதுகளின் தொடக்கம். பெரியம்மைத் தடுப்பூசி போடுவது என் வேலை. எண்ணூர் கழிமுகத்துக்கு அப்பால், படகில் போகவேண்டிய குப்பங்களை வேறு யாரும் கேட்காததால் என் தலையில் கட்டினார்கள். தனியாகப் போய், மணலில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டு, தனியாகத் திரும்புவேன். நாள் முழுக்க நான் பேசுவது 'கையைக் காட்டுங்க' ஒன்றுதான்.

ஊசி குத்த ரவிக்கைக் கையைச் சுருட்டியாக வேண்டும். ஒரு குப்பத்தில் தேசம்மா என்பவளுக்குச் சுருட்டினேன். இடது கை முழுக்கக் கன்றிப்போயிருந்தது. வலது கையைக் கேட்டேன். அதுவும் அப்படியே. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "எங்க நல்லா கீதோ அங்க குத்திக்கோக்கா."

மேலதிகாரி

அம்மை பரவிய குப்பத்து மீனைக் காசிமேட்டுச் சந்தையில் யாரும் தொடவில்லை. ஆண்கள் வலையை மடித்துவிட்டு வீட்டோடு கிடந்தார்கள். குடித்தார்கள், அடித்தார்கள். மனசு கேட்காமல் தேசம்மாவின் கைகளைப் பற்றி எங்கள் மேலதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான். ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

ஆத்தா வந்த வீடு

குத்தின இடம் பழுத்திருக்கிறதா என்று ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போவோம். தேசம்மா வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், சத்தம் போட மாட்டார்கள். அம்மை கண்டவள் ஆத்தாவேதான். அவள்மேல் கை ஓங்கினால் தெய்வக் குற்றம். தேசம்மாவின் புருஷன் வெளியே படகோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உள்ளே அவள் வேப்பிலைமேல் படுத்திருந்தாள். தலை முதல் கால் வரை பார்த்தேன். ஒரு அம்மை முத்துகூட இல்லை. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வாசலுக்கு ஓடிவந்து, "அம்மையும் இல்லை, ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்று அவனிடம் சத்தமாகச் சொன்னேன்.

அவன் எழுந்து வந்து வேப்பிலையைப் பிய்த்துப் போட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இருங்க, இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்றேன். யார் கேட்டார்கள்? எனக்கு அழுகையாக வந்தது. உள்ளேயிருந்து தேசம்மா மெதுவாகக் கேட்டாள்: "ஆறு நாளா அந்தாளு என் மேல கை வெக்கல. நீ இன்னாத்துக்குக்கா வாயத் தொறந்தே?"

அம்மையை ஊரைவிட்டு விரட்டியவர்களில் நானும் ஒருத்தி என்று இப்போதும் பெருமையாகச் சொல்கிறார்கள். தேசம்மா வீட்டிலிருந்து ஆத்தாவை விரட்டியதும் நானேதான்.