இடது கால் கட்டைவிரல்

அந்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்து முடித்த சட்டை எதுவும் அவளுடைய மேசையைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். ஒரு சட்டைக்கு நாற்பது நொடி. காலர், கைப்பட்டி, பொத்தான் துளை என்று விரல் ஓடும். நூல் பிசிறோ விட்டுப்போன தையலோ தட்டுப்பட்டால் சிவப்பு ஸ்டிக்கர், வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். பதினொரு வருடமாக இதே வேலை. இடைவேளையில் மற்றவர்கள் டீயும் காபியுமாக நிற்கும்போது அவள் மட்டும் வெந்நீர் பிடித்துக் குடிப்பாள். அதனால் அந்தத் தளத்தில் அவளுக்குச் சுடுதண்ணி அக்கா என்று பெயர்.

"சுடுதண்ணி வருது, கோணலா தச்சதையெல்லாம் மேசைக்கு அடியில தள்ளுங்க" என்பார்கள், அவள் காதில் விழும்படியே. அவளும் சிரித்துக்கொண்டே குனிந்து அடியில் பார்ப்பாள்.

டீ, காபி, மது, புகை எதையும் தொடாதது அவளுடைய சபையின் ஒழுங்கு. மார்மன்கள் என்று வெளியில் சொல்வார்கள். அங்கே சம்பளம் வாங்கும் குருமார் கிடையாது. வாரநாளில் டயர் கடை நடத்துகிறவர்தான் ஞாயிற்றுக்கிழமை ஆயர். மற்ற வேலைகளையும் சபையாரே பகிர்ந்துகொள்வார்கள். சிறுபிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது அவளுக்கு வந்த பங்கு. திங்கட்கிழமை மாலை வீட்டிலேயே குடும்ப வேளை உண்டு: ஒரு பாட்டு, ஒரு ஜெபம், கடைசியில் ஏதாவது விளையாட்டு. ஆறு வருடமாக அதில் அவளும் மகளும் மட்டும்தான். கணவர் அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்து, ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். முப்பது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கச் சொன்னால் தொங்குவார். நாலு பேர் முன்னால் வாசிக்கச் சொன்னால்தான் வியர்த்துவிடும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, ரொட்டியை ஆசீர்வதிக்கும் ஜெபம் அவர் முறைக்கு வந்தது. அந்த ஜெபத்தில் ஒரு சொல் பிசகக் கூடாது. பிசகினால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர் சொன்னார். அப்போதைய ஆயர் மெல்லத் தலையை அசைத்தார், மறுபடி என்று. மறுபடி சொன்னார். அதே தலையசைப்பு. மூன்றாவது தடவையும் அப்படியே. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்கிய இருமல் அது. நான்காவது தடவை எப்படியோ கரை சேர்ந்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் வெளியே போனவர்தான், சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேலை நடக்கும் இடங்களில் டீ குடிக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வருமுன் வாயில் ஏலக்காய் போட்டுக்கொள்வார். அவள் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மகளுக்கு இந்த வருடம் எட்டு முடிந்தது. அவர்கள் சபையில் எட்டு வயதில்தான் ஞானஸ்நானம். தகுதியோடு இருந்தால் தகப்பனே கொடுக்கலாம்.

"அப்பா, நீதான் என்னைத் தண்ணியில முக்கணும்" என்றாள் மகள், சாப்பாட்டு மேசையில், உப்பைத் தள்ளு என்பதுபோல.

"அதுக்கு ஆயர் இருக்காருல்ல."

"அவர் கையெல்லாம் டயர் வாசனை."

அவர் தட்டைக் கழுவப் போனார். மறுநாளிலிருந்து டீயை விட்டார். இரண்டு வாரம் தலைவலியில் துவண்டு, நெற்றியில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு டயர் கடைக்குப் போய் ஆயரிடம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று அவள் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள்.

தொட்டி நிறைய மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் அவள் விடிந்ததுமே சபைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தரைக்குக் கீழே இறங்கும் நீல ஓடு பதித்த தொட்டி. ஏழு படி, பக்கத்தில் கைப்பிடிக் கம்பி. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று மேலே ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து மாட்டியிருந்தார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக ஏறியது. சன்னல் வெளிச்சம் அதில் விழுந்து கூரையில் அலைந்தது. முதல் படியில் உட்கார்ந்தவளுக்குக் கண் செருகியது. தண்ணீருக்கு அடியில் வெள்ளைச் சட்டைகள் மெதுவாகக் கையசைத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை. அவற்றின் நடுவே தானும் போவதாக நினைத்தாள். கல்யாணத்துக்கு முந்தின வருடம் தன் ஞானஸ்நானத்தில் இதே தொட்டியில் மூழ்கியபோது காதுக்குள் கேட்ட அமைதி திரும்பக் கேட்டது. ஒரு நொடிதான் அது. ஆனால் உலகத்தில் யாருமே அவசரப்படாத நொடி.

"தண்ணிக்குக் காவல் இருக்கியா, தூங்குறியா?"

கணவரின் அக்கா. இந்தச் சபைக்காரி இல்லை. தம்பி மகளைப் பார்க்க முந்தின நாளே ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"வாங்க அண்ணி. டிபன் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். காபிதான் இல்லை. உங்க வீட்டுக்கு வந்தா ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்கு, எதைக் கேட்டாலும் கூடாதுங்கறீங்க." தொட்டியை எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, என் தம்பி சரியா செஞ்சிடுவானா?"

"செஞ்சிடுவாரு."

"சொதப்பிட்டான்னா?"

அவள் குனிந்து தண்ணீரைக் கையால் அளைந்தாள். நான்கு மாதமாக அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது அதே கேள்விதான். ஞானஸ்நானத்துக்கும் ஒரு விதி உண்டு. உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் போக வேண்டும். முடியோ துணியோ வெளியே மிதந்தால் மறுபடி முக்க வேண்டும். சரியாக நடந்ததா என்று பார்க்க இரண்டு சாட்சிகள் நிற்பார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். இன்னொருத்தி அவள்.

அதனால் அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. மகளின் வெள்ளை உடுப்பை அவளே தைத்து, மிதக்காமல் இருக்க விளிம்பில் சின்னச் சின்ன ஈயக்குண்டுகளை வைத்து மடித்திருந்தாள். பின்னலைச் சுருட்டி, ஆறு கொண்டை ஊசி குத்தியிருந்தாள். முந்தின நாள் மாலை, கட்டில்மேல் மகளைப் படுக்கவைத்துச் சாய்க்கும் பயிற்சியை அவருக்கு இருபது தடவை கொடுத்தாள். அவள் கணக்கில் வராதது ஒன்றுதான்: அதற்குப் பிறகு அத்தைக்காரி மருமகளின் பத்துக் கால்விரலுக்கும் சிவப்பு நெயில் பாலிஷ் போட்டுவிட்டிருந்தாள்.

பத்து மணிக்கு அறை நிறைந்தது. அவரும் மகளும் வெள்ளை உடுப்பில் படியிறங்கினார்கள். தண்ணீர் மகளின் நெஞ்சுவரை வந்தது. மேலே கண்ணாடியில் இன்னொரு மகள் தலைகீழாக நின்றாள். அவர் வலது கையை உயர்த்தி, மகளின் முழுப் பெயரைச் சொல்லி, ஜெபத்தைச் சொன்னார். குரல் நடுங்கியது, சொல் எதுவும் பிசகவில்லை. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைச் சாய்த்தார். தலை போனது, தோள் போனது, உடுப்பின் விளிம்பு போனது. தொட்டியின் அந்தக் கோடியில், தண்ணீருக்கு மேலே, சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது.

இடது கால் கட்டைவிரல்.

மகள் எழுந்து இருமிச் சிரித்தாள். தபால்காரர் மூக்குக்கண்ணாடியில் தெறித்த தண்ணீரைத் துடைத்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். பாட்டுக்காரர்கள் புத்தகத்தைத் திறந்தார்கள். அவர் கரையில் நின்ற அவளை நிமிர்ந்து பார்த்தார். நனைந்த முகத்தில் ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்று பார்த்தது, அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறாள். ஒரு தலையசைப்பு போதும். யாரும் கேட்கப்போவதில்லை. தொழிற்சாலையில் நாளுக்கு நாற்பது சட்டையைக் கண் இமைக்காமல் திருப்பி அனுப்புகிறவள், இப்போது மகளின் காலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மறுபடியும் செய்யணும்" என்றாள்.

பாட்டுக்காரர்கள் திறந்த புத்தகத்தை மூடினார்கள். அவர் முகத்திலிருந்து வெளிச்சம் இறங்குவதை அவள் பார்த்தாள். அவர் கை கைப்பிடிக் கம்பிக்குப் போனது. ஒரு படி ஏறினார். இன்னும் ஆறு படி ஏறினால் கதவு.

தண்ணீரை ஒட்டி மண்டியிட்டாள் அவள். "ஏங்க, இடது கால் கட்டைவிரல். அது மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது. மத்ததெல்லாம் சரியா இருந்துச்சு."

அவர் நின்றார். மகளின் காலைப் பார்த்தார்.

"இடதா?"

"இடது."

"கம்பியைப் புடிச்சிக்கிட்டு என்னடா யோசனை" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "இறங்கு. பாலிஷ் போட்டது நான். திட்டறதா இருந்தா அப்புறம் திட்டு."

யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை அது இருமலாக மாறவில்லை. அவர் திரும்பித் தண்ணீருக்குள் வந்தார். மகள், "இன்னொரு தடவையா? ஜாலி" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவர் தன் பாதத்தை எடுத்து மகளின் இடது பாதத்தின்மேல் மெதுவாக வைத்துக்கொண்டார், ஆடும் பலகையை மிதித்துப் பிடிப்பதுபோல. கையை உயர்த்தி, முதலிலிருந்து சொன்னார். குரல் நடுங்கவில்லை. மகள் முழுதாக மறைந்தாள். தண்ணீர் மேலே மூடிக்கொண்டது. கண்ணாடியிலும் யாருமில்லை. அந்த ஒரு நொடி, அவள் காதுக்குள்ளும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தலையாட்டினாள்.

பாட்டு, கைகுலுக்கல் எல்லாம் ஓய்ந்தபின், நடைபாதைப் பெஞ்சில் அவர் தலை துவட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கோபமா?"

"கால் மேல வந்தது எனக்கே தெரிஞ்சுது" என்றார், துண்டுக்குள்ளிருந்து. "கையில பாரம் குறைஞ்சுது. நீ சரின்னு தலையாட்டியிருந்தா நானும் வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பேன். அப்புறம் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டேன்."

அவர் கழுத்தில் வழிந்த தண்ணீரை அவள் கையால் துடைத்தாள்.

"அன்னைக்கு மறுபடி மறுபடின்னாங்களே தவிர, எங்க தப்புன்னு ஒருத்தரும் சொல்லலை." துண்டை இறக்கினார். "உனக்குத் தெரியுமா?"

தெரியும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மூன்று தடவையும் கேட்டவள் அவள். ஆறு வருடமாக, அவர் மனம் புண்படுமே என்று, அந்த ஒரு சொல்லைத் தொண்டையிலேயே வைத்திருந்தாள்.

"தெரியும்" என்றாள். "ரெண்டாவது வரியில ஒரு சொல்லை விட்டுட்டீங்க. மூணு தடவையும் அதையேதான்."

அவர் துண்டை மடித்து மடியில் வைத்தார். "ஆறு வருஷமா?" என்றார்.

"ஆறு வருஷமா."

"சரி. சொல்லு, எந்தச் சொல்?"

அவர் ஈரத்தலையைச் சாய்த்துக் கொடுத்தார். அவள் காதோரம் குனிந்து சொன்னாள்.