மெம்பர் கைப்பட எழுதிய மனு

மாமாவுக்குக் கோபம் வந்தால் கை முதலில் சட்டைப்பைப் பேனாவைத்தான் தேடும். எனக்கு ஒன்பது வயதாயிருந்த அந்த வருடம் அவருடைய கோபம் முழுவதும் மெம்பர் மீது. இத்தாலியின் பலெர்மோ நகரசபையில் வெளிநாட்டவருக்கென்று இருந்த சபைக்கு எங்கள் ஆட்கள் வோட்டுப் போட்டு அனுப்பியவர் அவர். எங்கள் தமிழ் வகுப்புக்கு ஒரு மண்டபம் கேட்டு வாங்குவதாகச் சொன்னவர், கூட்டங்களுக்கே போவதில்லை என்று தெரிந்துவிட்டது. வகுப்போ அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினியில், அம்மா மீன் பொரிக்கும் புகைக்குள் நடந்துகொண்டிருந்தது.

"ஏத்திவிட்ட நாங்களே இறக்குவம்" என்றார் மாமா. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் வெறும் தாளில் நாற்பது பேர் கையெழுத்து வைத்தார்கள். மேலே என்ன எழுதுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. என்னை எழுதச் சொன்னார்கள். என் பள்ளிக்கூட இத்தாலியன் பூனைக்குட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் காணும்.

எங்கள் ஆட்களில் நகரசபைக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒரேயொருவர்தான். அது மெம்பர்.

மாமா என்னையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனார். படிக்கட்டில் எங்களுக்கு முன்னால் நாலு பேர் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் தாள்களுடன் நின்றார்கள். எங்கள் முறை வந்தது.

"ஆரைப் பற்றித் தம்பி எழுத வேணும்?"

"உங்களைப் பற்றித்தான் அண்ணை. மூண்டு கூட்டத்துக்கு நீங்கள் போகேல்லையாம்" என்றார் மாமா, நிலத்தைப் பார்த்தபடி.

மெம்பர் சிரித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மூண்டு கூட்டமில்லை, நாலு. எழுதிறதெண்டால் சரியா எழுதுவம்." நல்ல நீள மனுவாக எழுதித் தந்தார். அவர் மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியை மாமா இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்.

யானை தன் தலையில் தானே மண் போட்ட கதை என்று அம்மா சிரித்தாள்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அதை வாசிப்பிக்கவும் அவரிடமே போனோம். அன்றும் படிக்கட்டில் வரிசை. இடையில் ஆளை நீக்கச் சட்டத்தில் இடமில்லையாம். அதைச் சொல்ல அவருக்கே கவலையாயிருந்தது.

இறங்கி வரும்போது மாமாவிடம் கேட்டேன்: "எப்ப வந்தாலும் வீட்டிலைதானே இருக்கிறார். கூட்டத்துக்குப் போனால் என்ன?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்" என்றார் மாமா. மேலே ஏறி வந்த இருவருக்கு ஒதுங்கி வழி விட்டோம். அவர்கள் கையிலும் தாள்கள் இருந்தன.